ஐகோர்ட்டை கட்டிய நம்பெருமாள் செட்டியார்!
அவர் கட்டிய மாளிகைகளை காப்பாற்றப்போவது யார்?

சென்டிரலில் ரெயிலை விட்டு இறங்கி, பாரிமுனைக்கு பஸ் பிடிக்கிறவரா நீங்கள்? அப்படியானால் போகிற வழியில் ஒரே மனிதர் கட்டிய மாளிகைகளை தினமும் பார்க்கிறீர்கள்.

அவர்தான் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். பெயர் பலருக்கு தெரியும். எதையெல்லாம் கட்டினார் என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

1856-ல் பிறந்தவர். தொழில், கட்டிட காண்டிராக்டு.

வெள்ளைக்காரர் பிளான், செட்டியார் வேலை

ரிப்பன் மாளிகைக்கு பக்கத்தில் சிவப்பாக நிற்கிறதே விக்டோரியா பப்ளிக் ஹால், அது அவர் கட்டியது. 1883-ல் அஸ்திவார கல் போட்டார்கள். பம்மல் சம்பந்த முதலியார் நாடகம் போட்டது இங்கேதான். 1897-ல் விவேகானந்தர் பேசியதும் இங்கேதான்.

அடுத்தது ஐகோர்ட்டு. 1892-ல் திறப்பு விழா நடந்தது. அதன் கோபுர உச்சியில் 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்டதில் ஐகோர்ட்டு சுற்றுச்சுவருக்கும் அடி. கட்டிடம் அசையவில்லை!

கன்னிமாரா லைப்ரரி 1896. இப்போது ஸ்டேட் பாங்கி இருக்கும் ராஜாஜி சாலை கட்டிடம் 1897. சட்டக்கல்லூரி 1899. எழும்பூர் மியூசியத்தில் விக்டோரியா நினைவு மண்டபம் 1909. எல்லாம் செட்டியார் எடுத்து முடித்த வேலை.

பிளான் போட்டவர்கள் சிசோம், இர்வின் என்று வெள்ளைக்காரர்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, வெயிலில் நின்று கட்டியவர்கள் நம்ம ஊர் கொத்தனார், சித்தாள்கள்.

ராமானுஜனுக்கு இடம் கொடுத்தவர்

பணம் சேர்ந்தது. சேத்துப்பட்டில் வீடு வீடாக வாங்கினார். சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர் இவர்தான் என்பார்கள்.

கணித மேதை ராமானுஜன் 1919-ல் லண்டனில் இருந்து நோயோடு திரும்பினார். கடைசி நாட்களில் அவர் தங்கியது சேத்துப்பட்டில் செட்டியாரின் வீட்டில்தான். 1920 ஏப்ரல் 26-ந் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 32.

1925-ல் செட்டியாரும் போய்விட்டார். கட்டிடங்கள் நின்றன. அவற்றுக்கு வந்த சோதனைதான் இனிமேல் கதை.

தீ, விரிசல், பூட்டு

விக்டோரியா ஹால் முன்னால் ஓட்டலும் கடைகளும் வந்து முகத்தையே மறைத்தன. பல வருஷம் பாழடைந்து கிடந்தது. 2023-ல் மாநகராட்சி பழுது பார்க்க இறங்கியது.

விக்டோரியா நினைவு மண்டபத்தை 2002-ல் ஆபத்து என்று சொல்லி சாத்திவிட்டார்கள். சட்டக்கல்லூரியில் சுவர் விரிசல் விட்டது. 2018-ல் மாணவர்கள் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். ராஜாஜி சாலை பாங்கி கட்டிடத்தில் தீ.

தீ பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சென்டிரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டை கேளுங்கள். செட்டியார் கட்டியது அல்ல. ஆனால் அவர் காலத்து கட்டிடம். 1985 மே 30-ந் தேதி எரிந்தது. இன்று அந்த இடத்தில் நீங்கள் லோக்கல் ரெயிலுக்கு டிக்கெட் எடுக்கிறீர்கள். மிச்சம் ஒரு சின்ன மாதிரி உருவம்தான்.

467 கட்டிடங்கள்

2010-ல் ஐகோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. சென்னையில் பாதுகாக்க வேண்டியவை என்று 467 கட்டிடங்கள், இடங்கள் கொண்ட பட்டியல் அதில் வந்தது. செட்டியார் கட்டிய கோர்ட்டே, அவர் காலத்து கட்டிடங்களுக்கு கைகொடுத்தது!

ஆனால் பட்டியல் மழைக்கு குடை பிடிக்காது. சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை பிடுங்க ஒரு ஆள் வேண்டும். சுண்ணாம்பு சுவர் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி செங்கல் உதிரும். அது தெரிந்த கொத்தனார் வேண்டும். பழைய மின்சார வயரை மாற்ற வேண்டும். இதெல்லாம் சின்ன செலவு. விட்டுவிட்டால் கோடிக்கணக்கில் போகும்.

அடுத்த முறை ஐகோர்ட்டு வாசலில் பஸ்சுக்கு நிற்கும்போது தலையை தூக்கி ஒரு தடவை பாருங்கள். சுவரில் செடி தெரிந்தால் பொதுப்பணித்துறைக்கு ஒரு கடுதாசி போடுங்கள். செட்டியாருக்கு சிலை வைக்காவிட்டாலும் பரவாயில்லை. அவர் கட்டியது நின்றால் போதும்.