விழுந்த நட்டும் ஹென்றி ராய்ஸும்



ரோல்ஸ் ராய்ஸ் என்றால் ராஜா மகாராஜாக்கள் போன கார் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் ராய்ஸ் யார் என்று கேட்டால் நம்மில் பலர் முழிப்போம். அவர் நம்மைப் போல, ஏன், நம்மைவிடவும் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளை.

ஹென்றி ராய்ஸ் 1863-ஆம் ஆண்டு மார்ச் 27-ல் இங்கிலாந்தில் ஆல்வால்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் கடைசி. அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப்போனவர். ராய்ஸுக்கு ஒன்பது வயதில் அவரும் இறந்துவிட்டார். பையன் லண்டன் தெருக்களில் பேப்பர் விற்றான், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்து ஒரு வருஷம் இருக்கும், அவ்வளவுதான்.

பிறகு அத்தை ஒருவர் பணம் கட்டி, பீட்டர்பரோ ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரன்டிஸாகச் சேர்த்துவிட்டார். மூன்று வருஷம் போனது. அத்தையிடம் பணம் தீர்ந்தது. பயிற்சி பாதியில் நின்றது.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். ஒவ்வொரு செமஸ்டரும் ஃபீஸ் கட்டும்போது அப்பா முகத்தைப் பார்க்கிறவன். இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ராய்ஸ் சும்மா உட்காரவில்லை. லீட்ஸ் நகரில் டூல் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். லண்டன் வந்து மின்விளக்குக் கம்பெனியில் சேர்ந்து, வேலை முடிந்தபின் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தார். 1884-ல், சேர்த்துவைத்த 20 பவுண்டோடு மான்செஸ்டரில் கிளேர்மான்ட் என்ற நண்பருடன் கூட்டாகத் தொழில் தொடங்கினார். முதலில் சின்ன மின் சாமான்கள், பிறகு டைனமோ, மின்சாரக் கிரேன்.

கார் எப்படி வந்தது? டெக்காவில் என்ற பிரெஞ்சுக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அதைக் கழற்றி ஒவ்வொரு பாகத்திலும் என்ன குறை என்று பார்த்து, தானே ஒன்று செய்தார். 1904 ஏப்ரல் 1-ல் அது ரோட்டில் ஓடியது. அடுத்த மாதமே கார் வியாபாரி சார்லஸ் ரோல்ஸைச் சந்தித்தார். இரண்டு பெயரும் சேர்ந்துவிட்டன.

அவர்களுடைய புகழ்பெற்ற சில்வர் கோஸ்ட் 1907-ல் 15,000 மைல் சோதனை ஓட்டம் ஓடியது. அதன் என்ஜினில் ஒரு விசேஷம். மூன்று மூன்று சிலிண்டராக இரண்டு பிளாக். ஹெட் தனியாகக் கிடையாது, பிளாக்கோடு ஒரே வார்ப்பு. ஹெட் கேஸ்கெட் இல்லாததால் அங்கே லீக் ஆகும் பேச்சே இல்லை.

ஆனால் பழைய கார் மெக்கானிக்குக் கதிகலங்குவதும் இங்கேதான். பிளக் துவாரம் வழியாக ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்துவிட்டால்? நம்ம லேபில் இருக்கும் என்ஜினில் ஹெட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். இதில் முடியாது. கடைசி வழி, பிஸ்டன்களை விட்டு மொத்த பிளாக்கையும் தூக்குவதுதான். அதனால் முதல் பாடம், நட்டு விழுந்தால் என்ஜினைச் சுற்றவே கூடாது. சுற்றினால் பிஸ்டன் அதை மேலே மோதும், வால்வு வளையும், பிஸ்டன் அடிபடும். வால்வுக்கு மேலே உள்ள மரையிட்ட மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கணும். மேக்னட்டை விட்டால் அது இரும்புச் சுவரிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், அதனால் பக்கவாட்டில் ரப்பர் டியூப் மாட்டி முனையை மட்டும் விடணும். பித்தளை நட்டு என்றால் மேக்னட் உதவாது. கம்பி நுனியில் கெட்டி கிரீஸ் அப்பி ஒட்டி எடுக்கணும்.

இதில் பாதி எனக்கு லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் என் மாமா சொன்னது. அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். கழற்றிய துவாரத்தில் உடனே துணி அடைப்பார். நட்டுகளை எண்ணி டப்பாவில் போடுவார். ஸ்டட் முறிந்து உள்ளே நின்றால் அவசரப்பட மாட்டார். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, மேலே ஒரு நட்டை வெல்டு வைத்து மெதுவாகத் திருப்புவார். வெளியே வந்த துண்டைத் தூக்கிப் போடாமல், ஏன்டா முறிஞ்சே என்று அதையே கேட்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ராய்ஸும் இதே ஜாதிதான். சேஸிஸில் சூடான ரிவெட் அடிப்பதற்குப் பதில், துவாரத்தை ரீமர் போட்டுச் சரிசெய்து சரிவான போல்ட்டுகளை இறுக்கினார். இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்த போல்ட் ஆடாது, லூஸாகாது. முறிந்ததை எடுப்பது கெட்டிக்காரத்தனம். முறியாதபடி செய்வது அதற்கும் மேலே.

1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். மறுவருஷம் ராய்ஸ் கடுமையாக நோயுற்றார். அதன்பின் பல வருஷம் ஃபேக்டரிக்குப் போகாமல், இருந்த இடத்திலேயே டிராயிங் போட்டு அனுப்பினார். விமான என்ஜின்களும் அப்படித்தான் வளர்ந்தன. 1930-ல் சர் பட்டம் கிடைத்தது. அப்போதும் தன்னை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார். 1933 ஏப்ரல் 22-ல் மறைந்தார்.

நண்பர்களே, கையில் கிரீஸ் படிந்தவர்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நம் வகுப்பில் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றுபோனவர்களை விட்டுவிடாதீர்கள். ராய்ஸுக்கு அத்தை கொடுத்தது மூன்றே வருஷம்தான். அந்த மூன்று வருஷமும் இல்லையென்றால் அவர் கடைசிவரை பேப்பர் விற்றிருக்கலாம். நாம் நாலு பேர் சேர்ந்தால் ஒருவனுக்கு ஒரு செமஸ்டராவது கொடுக்க முடியாதா?