சேதுக்காசும் சுவாமி ஞானப்பிரகாசரும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே, ஹந்தானை மலைச்சாரலிலுள்ள என் இல்லத்துக்கு மாணாக்கன் ஒருவன் வந்தான். என்னிடம் பண்டிதர் வகுப்பிற் பாடங்கேட்பவன். வந்தவன் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் செப்புக்காசு ஒன்றை என் மேசைமேல் வைத்தான். வடமராட்சியிலிருந்து கண்டிக்கு வந்து கடை நடத்திய அவன் பாட்டனார், தம் பணப்பெட்டியின் அடியிலே காத்து வைத்த காசு அது. தந்தையார் நோய்ப்பட்டிருக்கிறார், வீட்டிலே பணமுடை. ஆதலால் அதனைப் பழங்காசு வாங்கி விற்பவர் ஒருவரிடம் கொண்டுசென்று காட்டியிருக்கிறான்.

அவர் காசைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செம்புதானே என்று சொல்லி, ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் காணாத விலையொன்றைக் கூறினாராம். பின்பு தம் தட்டிலிருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்துக் காட்டினாராம். கிழக்காபிரிக்காவை ஜேர்மனியர் ஆண்ட காலத்திலே வெளியிட்ட ரூபாய் அது. ஒரு புறத்திலே இரண்டாம் வில்லியம் பேரரசரின் தலை. மறுபுறத்திலே நாட்டின் பெயரும் ஆண்டும் ரூபாய் என்னுஞ் சொல்லும். அந்தக் கரையிலே வாணிகஞ் செய்த இந்தியரால் நம் பக்கத்து ரூபாயே அங்கு முன்னரே வழங்கியமையால், ஜேர்மனியரும் அப்பெயரையும் அந்நிறையையுமே கைக்கொண்டனர். முதலில் 64 பைசாவாக வகுத்ததை 1904ஆம் ஆண்டில் 100 ஹெல்லராக மாற்றினர். முதலாம் உலகப்போரோடு அவ்வாட்சி ஒழிந்தது. காசு மட்டும் எஞ்சியது. எந்த ஆண்டுக் காசு, எத்துணைத் தேய்வு, என்ன விலை என்று பார்த்துச் சொல்வதற்கு அச்சிட்ட விலைப்பட்டியல்கள் உள்ளன. இந்தச் செப்புக்காசிலோ ஆண்டும் இல்லை, அரசன் பெயரும் இல்லை. இதற்கு என்ன மதிப்பு, ஐயா, என்பதே மாணாக்கன் கேட்ட கேள்வி.

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒரு புறத்திலே நின்ற கோலத்தில் ஓர் அரசன். மறுபுறத்திலே படுத்திருக்கும் நந்தி; அதன்மேற் பிறை; கீழே இரண்டு தமிழெழுத்துக்கள். செது என்று வாசித்தான் மாணாக்கன். நாம் இன்று நெடிலுக்கு இடும் இரட்டைக் கொம்பு பிற்காலத்தது, வீரமாமுனிவர் வகுத்தது. முன்னோர் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒற்றைக் கொம்பே இட்டனர். ஆகவே சேது என்று வாசித்தல் வேண்டும் என்றேன். இவ்விரண்டு எழுத்துக்களின் உண்மை மதிப்பை உலகுக்கு எடுத்துரைத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை அன்று அவனுக்குச் சொன்னேன். அதனையே இங்கு அன்பர்களுக்கும் சொல்லுகின்றேன்.

நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் 1875ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே சைவக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வைத்திலிங்கம். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். அன்னையார் அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணஞ் செய்தார். தம்பிமுத்துப்பிள்ளை கத்தோலிக்கர், தமிழ் நூல்களை அச்சேற்றியவர். அவரது இல்லத்திலே சிறுவர் கத்தோலிக்க சமயத்திற் சேர்ந்து, ஞானப்பிரகாசர் என்னும் பெயரைப் பெற்றார்.

ஆங்கிலங் கற்ற இளைஞர்க்கு அரசாங்க உத்தியோகமே பெரும்பேறாகத் தோன்றிய காலம் அது. அவரும் புகையிரதப் பகுதியிலே எழுதுவினைஞராக அமர்ந்தார். ஆயினும் சில ஆண்டுகளுள் அதனைத் துறந்து குருமடம் புகுந்தார். அமலமரித் தியாகிகள் சபையிலே சேர்ந்து, 1901ஆம் ஆண்டு டிசம்பரிலே குருப்பட்டம் பெற்றார். பின்னர் அவரது நெடுங்காலப் பணி நல்லூரிலும் அதன் சுற்றூர்களிலும் நிகழ்ந்தது. ஊர் ஊராகச் சென்று போதித்தார், கோயில்கள் எழுப்பினார், சமய வாதங்களிலும் ஈடுபட்டார். அவ்வாதங்களிலே எம்போன்ற சைவருக்கு உடன்பாடில்லாதன பல உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை.

நல்லூர் எவ்வூர்? ஆரியச்சக்கரவர்த்திகள் என வழங்கிய யாழ்ப்பாணத்தரசரின் இராசதானி. அவ்வரசு 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. இறுதி மன்னன் சங்கிலி குமாரன் கோவைக்குக் கொண்டுபோகப்பட்டு ஆங்கே கொலையுண்டான். கோயில்கள் இடிபட்டன. அரண்மனை இருந்த நிலத்திலே பெயர்கள் மட்டுமே நிலைத்தன: சங்கிலித்தோப்பு, யமுனாரி, மந்திரிமனை. சுவாமிகள் நடமாடிய மண் இதுவே. மக்கள் மறந்துவிட்ட அரசின் சரித்திரத்தை ஆராய வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு இந்த மண்ணிலே வளர்ந்தது போலும்.

அக்காலத்திலே சேது என்னும் எழுத்துள்ள காசுகள் அறியப்படாதன அல்ல. சேகரிப்போர் பலரிடம் இருந்தன. ஆயின் சேது என்றவுடன் இராமேசுவரமும், அதனைக் காத்த இராமநாதபுரத்துச் சேதுபதிகளும் நினைவுக்கு வருதல் இயல்பன்றோ? ஆகவே அவை சேதுபதிகளின் காசுகள் என்றே பலரும் எண்ணினர். யாழ்ப்பாணத்தரசர் தமக்கெனக் காசு வெளியிட்டவர் என்னும் நினைவே எவருக்கும் இருக்கவில்லை. தன் பெயராற் காசடித்தல் தனியரசின் அடையாளங்களுள் ஒன்று. காசில்லை எனின், யாழ்ப்பாணத்திலிருந்தது ஒரு சிற்றூர்த் தலைமையே என்று சொல்வாருக்கும் இடமுண்டாகும்.

சுவாமிகள் 1920ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்களைப் பற்றி ஆங்கிலத்திலே ஒரு கட்டுரை எழுதினார். இலங்கையின் தொன்மை ஆராய்ச்சிக்கென வெளிவந்த ஏடொன்றில் அது வெளியாயிற்று. அக்காசுகள் யாழ்ப்பாணத்தரசருடையனவே என்பது அவர் துணிபு. அத்துணிபைத் தாங்கி நிற்கும் சான்றுகளை எண்ணிப் பார்ப்போம். காசு எந்த மண்ணிலே மிகுதியாகக் கிடைக்கின்றது என்பது ஒன்று: யாழ்ப்பாணத்து மண்ணிலே இவை மலிந்து கிடைத்தன. அரசரின் இலச்சினை யாது என்பது மற்றொன்று: நந்தியே யாழ்ப்பாணத்தரசரின் கொடியிலும் இருந்தது. அரசர் தம்மை எப்பெயராற் புகழ்வித்தனர் என்பது வேறொன்று: அவ்வரசர் காலத்து நூல்கள் அவர்களைச் சேதுகாவலர் எனப் போற்றுகின்றன. இலக்கியத்திலே நாம் வெறும் புகழ்மொழி என்று கடந்துபோன சொல், காசிலே அரச முத்திரையாய் நின்றது.

இதற்குத் துணையாக ஒரு கல்லும் உண்டு. கண்டிக்கு மேற்கே, கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகமவிலே கிடைத்த தமிழ்ச் சாசனம் அது. இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைக் கூறும் அச்சாசனமும் சேது என்னும் சொல்லுடனேயே தொடங்குகின்றது. வடபுலத்துக் காசின் எழுத்து, இம்மலைநாட்டின் வாயிலிலே கல்லின் தலைப்பிலும் நிற்பதைக் காணுங்கால், அவ்வரசின் கை எத்துணைத் தூரம் நீண்டது என்பது புலனாகும்.

1924ஆம் ஆண்டிலே கொட்றிங்டன் என்னும் ஆங்கிலேயச் சிவில் உத்தியோகத்தர் இலங்கை நாணயங்களைப் பற்றிய தம் பெருநூலைக் கொழும்பு அரும்பொருட்சாலை வெளியீடாகக் கொணர்ந்தார். அதன்கண் சேதுக்காசுகளும் இடம்பெற்றன. யாழ்ப்பாணத்தரசரின் தோற்றத்தைப் பற்றிச் சுவாமிகளும் முதலியார் இராசநாயகமும் மாறுபட்ட கொள்கையினர். ஆயினும் அவ்வரசர்க்குத் தனி நாணயம் இருந்தது என்பது இன்று வரலாற்றறிஞரிடையே நிலைபெற்ற செய்தி.

இங்கே அன்பர்கள் ஒன்றை நினைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவ அரசை அழித்தவர் கத்தோலிக்கராகிய போர்த்துக்கேயர். ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்து, அவ்வரசின் நந்திக்காசை அதற்குரியார் பெயரால் மீட்டளித்தவர் ஒரு கத்தோலிக்க குரு. சமய வாதத்திலே எதிர்நின்று எழுதிய அதே எழுதுகோல், சரித்திரத்திலே உண்மைக்கு மட்டுமே கட்டுப்பட்டது. அவருடைய பெருமைகளுள் இதனையே நான் தலையாயதாகக் கொள்வேன்.

பின்பு 1928ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்னும் நூலை வெளியிட்டு, வழிவழி வந்த கதையையும் மெய்ச்சரித்திரத்தையும் பிரித்துக் காட்டினார். முதுமையிலே தமிழ்ச் சொற்களின் பிறப்பை ஆராயும் ஒப்பியல் அகராதியொன்றிலே முழுமூச்சாக ஈடுபட்டார். பல மொழிகளைக் கற்றதும் அதற்காகவே. 1938 முதல் அது பகுதி பகுதியாக வெளிவந்தது. நிறைவுறுமுன் 1947ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் சுவாமிகள் நல்லூரிலே மறைந்தார்.

இவ்வளவும் கேட்ட மாணாக்கன், காசு மிகவும் கறுத்திருக்கிறதே, புளியிட்டு விளக்கட்டுமா என்றான். நான் பதறிப்போனேன். காரணம் உண்டு. வாலிபத்திலே எனக்கும் இத்தகைய காசொன்று கிடைத்தது. பழமையின் மாட்சியை அறியாது, புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். காசு பொன்போல் ஒளிர்ந்தது, எழுத்து போய்விட்டது. அது சேதுவோ வேறொன்றோ, இனி எவராலும் சொல்ல இயலாது. அன்று நான் ஒரு சாட்சியின் நாவை அறுத்தேன். அந்த மழுங்கற் செம்பு இன்றும் என் மேசை அறையிலே கிடந்து என்னை இடித்துரைக்கின்றது.

விற்காதே என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. வீட்டிலே நோயாளி இருக்க, அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். காசின் நிறை, அகலம், இரு புறத்துப் படம், பாட்டனாரின் ஊர், அவருக்கு அது கிடைத்த வகை ஆகியவற்றை முதலில் ஒரு தாளிலே எழுதி வை. இன்ன மண்ணிலே கிடைத்தது என்னும் செய்தி நீங்கினால் காசின் மதிப்பிலே பாதி நீங்கும். சுவாமிகள் நாட்டிய முடிவுக்கு அச்செய்தியன்றோ முதற்கால். தாளை எழுதியபின் உன் மனம் போல் செய் என்றேன்.

அடுத்த ஞாயிறன்று அவன் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். படுக்கையிலிருந்த தந்தையாரைக் கேட்டுக் கேட்டு எழுதினானாம். பாட்டனாரின் தோட்டத்திலே கிணறு வெட்டியபோது அகப்பட்ட காசு அது என்பதைத் தந்தையார் அப்பொழுதுதான் முதன்முறையாகச் சொன்னாராம். சொல்லி முடித்தபின், காசைப் பெட்டியிலேயே வைக்குமாறு அவரே பணித்துவிட்டாராம்.