பாஷைகளை எண்ணிய கிரியர்ஸன்

தென்காசிக்கு அண்மையில், ஆய் அண்டிரனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஆய்க்குடியில் வழங்குவது தமிழ். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் மலையாளம் காதில் விழுகிறது. அருகிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான், பாஷையை முன்னிட்டுத் திருவிதாங்கூர்–கொச்சியை விட்டுத் தமிழகத்தோடு சேர்ந்தது. எந்த பாஷையை எத்தனை பேர் பேசுகின்றனர் என்பது புலவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ராஜ்யங்களின் எல்லையையே மாற்றவல்லது என்பதை இவ்வட்டாரத்தாருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்கேள்விக்குப் பெருமுயற்சி செய்து விடை தேடியவர் ஸர் ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்ஸன். அவருடைய சரித்திரத்தை நம் அன்பர்கள் அறிதல் நலம்.

கிரியர்ஸன் 1851 ஜனவரி 7-ஆம் தேதி அயர்லாந்தில் டப்ளின் நகருக்கு அருகே பிறந்தார். டிரினிடி கலாசாலையில் கணிதம் பயின்றார். ஸம்ஸ்கிருதமும் ஹிந்துஸ்தானியும் அங்கேயே கற்றார். 1873-இல் ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தராக வங்காளம் வந்து, பீஹாரில் பல்லாண்டுகள் பணி புரிந்தார். கச்சேரியில் வழங்கும் பாஷை ஒன்று, குடியானவன் வீட்டில் பேசும் பாஷை வேறொன்று என்பதை அங்கே கண்டார். மைதிலி, மகஹி, போஜ்புரி ஆகிய பேச்சுக்களின் இலக்கணத்தை ஆராய்ந்து எழுதினார். பீஹார்க் குடியானவரின் வாழ்க்கை பற்றி 1885-இல் வெளியிட்ட நூலில், அவர்களுடைய ஏர், வண்டி, வீடு, வயல் முதலியவற்றுக்கு வழங்கும் சொற்களைத் திரட்டித் தந்தார்.

1886-இல் வியன்னாவில் கூடிய கீழ்நாட்டுக் கலைவாணர் மகாநாடு, இந்திய பாஷைகளை முறையாக ஆராயுமாறு சர்க்காரை வற்புறுத்தியது. 1894-இல் வேலை தொடங்கிற்று. 1898-இல் கிரியர்ஸன் அதன் தலைமையை ஏற்றார். விவிலியத்திலுள்ள கெட்ட குமாரன் கதையின் மொழிபெயர்ப்பு, அவ்வூரார் தாமே சொல்லும் ஒரு கதை அல்லது செய்தி, குறித்த சொற்களும் வாக்கியங்களும் அடங்கிய ஒரு பட்டியல் என மூன்று மாதிரிகள் ஒவ்வொரு பேச்சுக்கும் திரட்டப்பட்டன. 1903 முதல் 1928 வரை 11 தொகுதிகள் வெளிவந்தன. அவற்றில் 179 பாஷைகளும் 544 கிளைப் பேச்சுக்களும் கணக்கிடப்பட்டன. 1941 மார்ச்சு மாதத்தில், 90-ஆம் வயதில் அவர் காலமானார்.

இப்பெருங் கணக்கில் ஒரு பெருங் குறையும் உண்டு. சென்னை மாகாணம், ஐதராபாத், மைசூர், பர்மா ஆகியவை ஆராய்ச்சிக்குப் புறம்பாக விடப்பட்டன. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-லேயே திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டிருந்தார் என்பது மெய்யே. ஆயினும் ஒப்பிலக்கணம் வேறு, ஊரூராய்ப் பேச்சைத் திரட்டுதல் வேறு. பொதிகைச் சாரலின் தமிழ் அத்திரட்டில் தனக்குரிய இடத்தைப் பெறவில்லை.

அந்நிய சர்க்காரின் ஊழியர் பாஷைகளைப் பலவாகப் பிரித்தது பிரித்தாளும் சூழ்ச்சியன்றோ என்று சிலர் ஐயுறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரஸே தன் மாகாணக் கமிட்டிகளைப் பாஷைவாரியாக அமைத்தது. உள்ளதை உள்ளபடி அறிவதால் தேச ஒற்றுமை குன்றிவிடாது.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். ஹிந்தி பேசுவோர் ஏறத்தாழ 53 கோடி, வங்காளி 9.7 கோடி, மராத்தி 8.3 கோடி, தெலுங்கு 8.1 கோடி, தமிழ் 6.9 கோடி. ஆனால் அந்த 53 கோடியில், தம் தாய்பாஷை ஹிந்தி என்றே சொன்னவர் 32 கோடிச் சொச்சந்தான். போஜ்புரி என்று சொன்ன 5 கோடிப் பேரும், ராஜஸ்தானி என்று சொன்ன இரண்டரைக் கோடிப் பேரும், இன்னும் பலரும் அதே தலைப்பில் சேர்க்கப்பட்டனர். கிரியர்ஸனோ ராஜஸ்தானியைத் தனிப் பாஷையாகவும், போஜ்புரி, மைதிலி, மகஹி மூன்றையும் பீஹாரி என்னும் தனிப் பாஷையாகவும் வகுத்திருந்தார். அவற்றுள் மைதிலிக்கு மட்டும் 2003-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம் கிடைத்தது.

எண்ணிக்கை பொய்யென்று நாம் சொல்லவில்லை. எதை எதனோடு சேர்ப்பது என்னும் தீர்மானத்திலேயே பெரிய பாஷை எது, சிறியது எது என்பது அடங்கியுள்ளது என்கிறோம். ஆதலின் கணக்கெடுப்போர் வாயிலில் வந்து நிற்கும்போது, வீட்டில் பேசும் பாஷையை ஒவ்வொருவரும் தயங்காது சொல்லுக. சொன்னபடியே அது எழுதப்படுகிறதா என்று கவனிப்பதும், எழுதியது பின்னர் எத்தலைப்பில் சேர்க்கப்படுகிறது என்று கேட்பதும் தேசத் தொண்டர்களின் கடமை. குடியானவனின் பேச்சுக்குச் செவி சாய்த்த கிரியர்ஸனுக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவே.