கரண்ட் இல்லாம ஓடும் மோட்டாரை ஜி.டி. நாயுடு ஏன் செய்யல?

இந்த மாதச் சுவர் இதழில் நான் எழுதுவது, இந்தியாவின் எடிசன் என்று அழைக்கப்பட்ட ஜி.டி. நாயுடு அவர்களைப் பற்றி. நம்ம ஊர்ல வேர்க்கடலைக்கும் நெல்லுக்கும் மோட்டார் போட்டுத் தண்ணி பாய்ச்சுற எல்லாரும் இவரைத் தெரிஞ்சுக்கணும்.

அவர் முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, கோயம்புத்தூர் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவே இல்லை. அதிகம் படிக்காமல் அப்பாவின் நிலத்தில் வேலை செய்தார்.

ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தாராம். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி எப்படி ஓடுது? இதைத் தெரிஞ்சுக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. கோயம்புத்தூர் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து அதே மாதிரி ஒரு வண்டியை வாங்கினார். வாங்கி என்ன செய்தார் தெரியுமா? முழுசாகப் பிரித்துப் போட்டு, எந்த பாகம் என்ன வேலை செய்யுதுன்னு பார்த்து, மறுபடி மாட்டினார்! இதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம்.

1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் அவரே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸே யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. பிறகு 1937-இல் பாலசுந்தரம் நாயுடு என்பவரோடு சேர்ந்து ஒரு மின்சார மோட்டாரைத் தயாரித்தார். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் இதுதான் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்தில்தான் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைப் பக்கம் கரண்ட் வர ஆரம்பித்திருந்தது. ஏற்றமும் கவலையும் இறைத்த கிணறுகளில் மெல்ல மெல்ல மோட்டார் பம்பு வந்தது. இன்றைக்கும் பம்புசெட் என்றால் கோயம்புத்தூர்தான்.

அவர் செய்தவை இன்னும் எவ்வளவோ! பேட்டரியில் ஓடும் சவர ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம். 1952-இல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் காரையும் செய்தார். அதைத் தயாரித்து விற்க அரசாங்கம் உரிமம் தரவில்லை. 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். பள்ளிக்கூடம் பிடிக்காதவர் கல்லூரி தொடங்கியிருக்கார், பாருங்க!

இந்தப் பட்டியலை மறுபடி ஒரு தடவை படிங்க. ரேசருக்கு பேட்டரி வேணும். விசிறிக்கு மண்ணெண்ணெய் வேணும். காருக்கு பெட்ரோல் வேணும். மோட்டாருக்கு கரண்ட் வேணும். இவ்வளவு செய்தவரும் எதுவுமே தின்னாமல் ஓடுற ஒரு இயந்திரத்தைச் செய்யவில்லை. ஏன்னா அப்படி ஒண்ணு செய்யவே முடியாது.

இதை ஏன் எழுதுறேன்னா, போன வருஷம் எங்க தெருவுக்கு ஒருத்தர் வந்தார். ஒரு தடவை கரண்ட் கொடுத்துச் சுத்தி விட்டா போதுமாம், அப்புறம் பம்பு ஏத்துற தண்ணியே டைனமோவைச் சுத்தி, அந்த கரண்டிலேயே மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குமாம். முன்பணம் 10,000 ரூபாய் கேட்டார். எங்க பெரியப்பா வேர்க்கடலை வித்த பணத்தை எடுக்க உள்ளே போயிட்டார். எங்க ஆயாதான், முதல்ல நம்ம கிணத்துல ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் காசுன்னு சொன்னாங்க. போனவர் திரும்பி வரவே இல்லை.

நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 எச்.பி. என்றால் 3730 வாட். அவ்வளவு கரண்ட் கொடுக்கிறோம், கிணறு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 லிட்டர் தண்ணியை 20 மீட்டர் தூக்க 1 × 9.8 × 20 = 196 ஜூல் வேண்டும். எதுவும் வீணாகாவிட்டால் நொடிக்கு 19 லிட்டர் வரணும். ஆனா மோட்டார் சூடாகுது, பேரிங் தேயுது, தண்ணி பைப்பில் உரசுது. பாதி சக்திதான் தண்ணிக்குப் போகுதுன்னு வச்சுக்கிட்டா, வருவது 9.5 லிட்டர். அதை மறுபடி கீழே விட்டு டைனமோ சுத்தினால், நூற்றுக்கு 80 கிடைச்சாலும் 1490 வாட்தான். 3730 கேட்கும் மோட்டாரை 1490 எப்படி ஓட்டும்?

பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர் வேகமாகச் சுத்தி, நடுவில் இருக்கும் தண்ணியை வெளிப்பக்கம் வீசுது. அந்தச் சுழற்சியிலேயே சக்தி பிறக்குதுன்னு சிலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. வீசப்படும் தண்ணி இம்பெல்லரின் வேகத்தைப் பிடிச்சு இழுக்குது. மோட்டார் விடாமல் தள்ளினால்தான் அது சுத்தும். கரண்ட் போனா என்ன ஆகுதுன்னு நாம தினமும் பார்க்கிறோமே!

கோவை மாவட்டத்திலேயே கடம்பாறையில் 400 மெகாவாட் மின் நிலையம் இருக்கு. அங்கே கரண்ட் மிச்சமாகும் நேரத்தில் தண்ணியை மேலே ஏத்தி, தேவையான நேரத்தில் கீழே விட்டு கரண்ட் எடுக்கிறாங்க. ஏத்த ஆகும் கரண்டை விட, இறக்கும்போது கிடைப்பது குறைவுதான். அது ஒரு உண்டியல் மாதிரி. போட்டதை விட அதிகமா எடுக்க முடியாது. பிரான்ஸ் நாட்டு அறிவியல் கழகம், தானே ஓடும் இயந்திரம் என்று யார் வந்தாலும் இனி பரிசோதிக்க மாட்டோம் என்று 1775-லேயே முடிவு செய்துவிட்டது.

நம்ம விவசாய மோட்டாருக்கு கரண்ட் பில் இல்லை. அதனால் அது எவ்வளவு தின்னுதுன்னு யாரும் பார்ப்பதில்லை. நமக்குத்தான் இலவசம். எங்கேயோ நிலக்கரி எரியுது, எங்கேயோ அணைத் தண்ணி விழுது. உண்மையான மிச்சம் வேணும்னா புட்வால்வில் அடைப்பு எடுக்கணும், பைப்பில் காத்து இழுக்காமல் பார்க்கணும், தேய்ந்த இம்பெல்லரை மாத்தணும். 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை நொடி ஆகுதுன்னு கடிகாரம் வைத்துப் பார்த்தாலே, நம்ம பம்பு இளைச்சிருக்கான்னு தெரிஞ்சிடும். இதை எந்தப் பிள்ளையும் செய்யலாம்.

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி மறைந்தார். அவர் நமக்கு விட்டுப் போன பாடம் எளிமையானது. எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படு, ஆனால் பிரித்துப் பார்த்து, அளந்து பார்த்து, பிறகு நம்பு. தோழர்களே, யாராவது சும்மா ஓடும் மோட்டார் விற்க வந்தா, வீட்டில் பெரியவங்க பணம் எடுக்கும் முன்னாடி இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுங்க.



– 9-ஆம் வகுப்பு மாணவி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, திருவண்ணாமலை