ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ்

ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் (ஜனவரி 17, 1899 – மே 14, 1977) ஓர் அமெரிக்கக் கல்வியாளர். 1929 முதல் 1951 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். கல்லூரிக் காற்பந்தாட்டத்தில் புகழ்பெற்று விளங்கிய அப்பல்கலைக்கழகம் 1939 இல் அவ்விளையாட்டைக் கைவிட்டதும், 1946 இல் பிக் டென் என்னும் விளையாட்டுக் கூட்டமைப்பிலிருந்து விலகியதும் இவரது காலத்திலேயே நிகழ்ந்தன.

இளமை

ஹட்சின்ஸ் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தை வில்லியம் ஜேம்ஸ் ஹட்சின்ஸ் கிறித்தவ சமயப் போதகர். பின்னர் பெரியா கல்லூரியின் தலைவரானார். ஓபர்லின் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது முதலாம் உலகப் போர் குறுக்கிட்டது. ஹட்சின்ஸ் படை மருத்துவ ஊர்திப் பிரிவில் சேர்ந்து இத்தாலியில் பணியாற்றினார். போருக்குப் பின் யேல் பல்கலைக்கழகத்தில் 1921 இல் இளங்கலைப் பட்டமும் 1925 இல் சட்டப் பட்டமும் பெற்றார். விரைவிலேயே யேல் சட்டப் பள்ளியின் முதல்வரானார். 1929 இல், தமது 30 ஆம் வயதில், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார்.

கல்விச் சீர்திருத்தங்கள்

சிக்காகோவில் 1931 இல் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. எல்லா இளநிலை மாணவர்களும் பொதுவான அடிப்படைப் பாடங்களைப் படித்து, விரிவான தேர்வுகளில் தேற வேண்டியிருந்தது. தொழிற்பயிற்சியைக் காட்டிலும் சிறந்த நூல்களை ஆழ்ந்து கற்பதே பல்கலைக்கழகக் கல்வியின் மையம் என்று ஹட்சின்ஸ் கருதினார். இக்கருத்தைப் பேராசிரியர்கள் பலர் எதிர்த்தனர்.

காற்பந்தாட்டமும் கூட்டமைப்பும்

இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் மண்டல வாரியாக நடத்துகின்றது. அமெரிக்காவிலோ பல்கலைக்கழகங்கள் தாமே கூடிக் கூட்டமைப்புகளை அமைத்துக்கொள்கின்றன. எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறோம் என்பதே ஒரு பல்கலைக்கழகம் யாருடன் விளையாடும், எவ்வளவு வருவாய் பெறும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 1896 இல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய மேற்குக் கூட்டமைப்பே பின்னர் பிக் டென் எனப் பெயர் பெற்றது. சிக்காகோ அதன் நிறுவன உறுப்பினர்.

1892 முதல் அங்குப் பயிற்சியாளராக இருந்த ஆமோஸ் அலான்சோ ஸ்டாக், அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் சிக்காகோ அணிக்கு 7 முறை கூட்டமைப்புப் பட்டம் பெற்றுத் தந்தார். 70 வயதை எட்டிய ஸ்டாக்கின் பதவியை நீட்டிக்க ஹட்சின்ஸ் இசையவில்லை. 1932 உடன் ஸ்டாக்கின் காலம் முடிந்தது. 1935 இல் சிக்காகோ வீரர் ஜே பெர்வாங்கர், பின்னர் ஹைஸ்மன் விருது எனப் பெயர் பெற்ற விருதை முதன்முதலாகப் பெற்றார். எனினும் அணியின் வலிமை குன்றிவந்தது. இளநிலை மாணவர் எண்ணிக்கை குறைவு. விளையாட்டு வீரர்களைச் சேர்த்துக்கொள்வதற்கான எளிய பாடப் பிரிவுகளும் இல்லை. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களுடன் போட்டியிடுவது கடினமாயிற்று.

1938 டிசம்பரில் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழில் எழுதிய கட்டுரையில், நுழைவுச்சீட்டு வருவாய் கல்லூரி விளையாட்டைக் கெடுப்பதாக ஹட்சின்ஸ் வாதிட்டார். 1939 பருவத்தில் சிக்காகோ மிச்சிகனிடம் 85–0 என்றும், ஆர்வர்டு, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிடம் தலா 61–0 என்றும் தோற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அறங்காவலர் குழு பல்கலைக்கழகக் காற்பந்தாட்ட அணியைக் கலைத்தது. பிற விளையாட்டுகள் தொடர்ந்தன. 1946 இல் சிக்காகோ கூட்டமைப்பிலிருந்தே விலகியது. அவ்விடத்திற்கு 1949 இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் சேர்க்கப்பட்டது.

விலகலின் விளைவுகள்

ஆட்டம் நின்றுபோன ஸ்டாக் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் அரங்கின் அடியில், 1942 டிசம்பர் 2 அன்று என்றிக்கோ பெர்மி தலைமையிலான குழு கட்டுப்படுத்தப்பட்ட முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது. மைதானம் இருந்த இடத்தில் 1970 இல் ரீகன்ஸ்டீன் நூலகம் திறக்கப்பட்டது.

விளையாட்டில் பிரிந்த பின்னரும் கல்வித் தொடர்பு அறுபடவில்லை. 1958 இல் பிக் டென் பல்கலைக்கழகங்கள் அமைத்த கல்வி ஒத்துழைப்புக் குழுவில் சிக்காகோவும் சேர்ந்து, 2016 வரை உறுப்பினராக இருந்தது. 1969 இல் காற்பந்தாட்டம் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது. 1986 இல் சிக்காகோ, எமரி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் முதலிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் பல்கலைக்கழகத் தடகளச் சங்கம் என்ற புதிய கூட்டமைப்பை நிறுவின. இதில் விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்கப்படுவதில்லை.

இதற்கு மாறான வழியை ஸ்டான்போர்டு, கலிபோர்னியா (பெர்க்லி) பல்கலைக்கழகங்கள் தேர்ந்தன. பசிபிக் கரையில் இருந்த பாக்-12 கூட்டமைப்பு சிதைந்தபோது, இவை 2024 இல் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. இதனால் இவற்றின் மாணவர்கள் கூட்டமைப்புப் போட்டிகளுக்காக நாட்டின் மறுகரை வரை பயணம் செய்ய வேண்டியதாயிற்று.

காற்பந்தாட்டத்தைக் கைவிட்டதால் மட்டுமே சிக்காகோ கல்வியில் உயர்ந்தது எனக் கூற இயலாது. அதற்கு முன்பே அது சிறந்த ஆய்வு நிறுவனமாக விளங்கியது. ஆனால் பெரிய கூட்டமைப்பில் இடமில்லாமலும் உயர்தரப் பல்கலைக்கழகம் நிலைத்து நிற்க முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று. 1950களின் தொடக்கத்தில் இளநிலை மாணவர் சேர்க்கை பெரிதும் சரிந்தது. இதற்கு ஹட்சின்ஸின் பாடத்திட்டமும் பல்கலைக்கழகச் சுற்றுப்புறத்தின் நிலையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

சந்திரசேகருடன் தொடர்பு

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவர் வளாகத்தில் விரிவுரையாற்றுவதற்கு, அவரது நிறம் காரணமாகப் புலத்தலைவர் ஒருவர் தடை கூறினார். ஹட்சின்ஸ் தலையிட்டு அவரே விரிவுரையாற்ற வேண்டும் என உறுதி செய்தார். 1946 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் சந்திரசேகரை அழைத்தபோதும், ஹட்சின்ஸ் பேசி அவரைச் சிக்காகோவிலேயே இருக்கச் செய்தார். சந்திரசேகர் இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். 1983 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

பிற்காலம்

சிக்காகோவை விட்டு நீங்கிய ஹட்சின்ஸ் போர்டு அறக்கட்டளையில் பணியாற்றினார். இவர் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த மேலை உலகின் சிறந்த நூல்கள் 54 தொகுதிகளாக 1952 இல் வெளிவந்தன. 1959 இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் மக்களாட்சி நிறுவனங்களுக்கான ஆய்வு மையத்தை நிறுவினார். அந்நகரிலேயே 1977 இல் காலமானார்.

இவற்றையும் பார்க்க

சிக்காகோ பல்கலைக்கழகம்
சுப்பிரமணியன் சந்திரசேகர்
அமெரிக்கக் காற்பந்தாட்டம்