பகலில் அணு ஆய்வுக்கூடம்... கையில் டென்னிஸ் கேம்! யார் இந்த வில்லியம் ஹிகின்பாதம்?

ஸ்கோர் கிடையாது. கேரக்டர் கிடையாது. ராக்கெட் கூட கிடையாது. வட்டமான சின்னத் திரையில் ஒரு படுக்கைக் கோடு, நடுவில் வலைக்குப் பதிலாக ஒரு குட்டிக் கோடு, அதைத் தாண்டித் தாண்டிப் போகும் ஓர் ஒளிப்புள்ளி. கேம் அவ்ளோதான். ஆனால், 1958-ல் இதை விளையாட நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள்.

யார் இவர்?

1910-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர் வில்லியம் ஹிகின்பாதம். இயற்பியல் படித்தவர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் எம்.ஐ.டி-யில் ரேடார் ஆய்வு. பிறகு லாஸ் அலமாஸில் எலக்ட்ரானிக்ஸ் குழுவின் தலைவர். ஆமாம், ஓப்பன்ஹைமர் அணுகுண்டு உருவாக்கிய அதே இடம்தான். அந்தக் குண்டுக்கான எலக்ட்ரானிக்ஸில் ஹிகின்பாதம் குழுவின் உழைப்பும் இருந்தது.

போர் முடிந்ததும் அவர் அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பினார். அணு ஆயுதங்களைக் கட்டுப்படுத்தக் கோரி விஞ்ஞானிகள் தொடங்கிய கூட்டமைப்புக்கு முதல் தலைவரே இவர்தான். 1947-ல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

கேம் எப்படி வந்தது?

புரூக்ஹேவனில் பொதுமக்களை உள்ளே விடும் பார்வையாளர் தினம் வருடா வருடம் நடக்கும். ஆனால், சும்மா நிற்கும் கருவிகளையும் போட்டோக்களையும் எவ்ளோ நேரம்தான் பார்ப்பது? வருகிறவர்கள் கையால் தொட்டு விளையாட ஏதாவது வேண்டும் என்று நினைத்தார் ஹிகின்பாதம்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு அனலாக் கம்ப்யூட்டர் இருந்தது. பந்து போகும் பாதையை அதில் எப்படிக் கணக்கிடலாம் என்று அதன் கையேட்டிலேயே விளக்கம் இருந்தது. சில மணி நேரத்தில் டிசைன் ரெடி. ராபர்ட் டுவோராக் என்ற டெக்னீஷியனோடு சேர்ந்து சில வாரங்களில் வயரிங்கும் முடிந்தது. ஸ்கிரீனாக 5 இன்ச் ஆஸிலோஸ்கோப். கன்ட்ரோலராக ஒரு குமிழும் பட்டனும் வைத்த பெட்டி. குமிழைத் திருப்பினால் பந்தின் கோணம் மாறும்; பட்டனை அழுத்தினால் அடி விழும்.

பார்க்கத்தான் கரடுமுரடு. உள்ளே பக்கா இயற்பியல்! ஈர்ப்பு விசைக்கு ஏற்ப பந்து வளைந்து விழும். வலையில் பட்டால் திரும்பி வரும். அடுத்த வருடம் பெரிய திரை வந்தது. நிலாவிலும் வியாழனிலும் டென்னிஸ் ஆடினால் பந்து எப்படிப் போகும் என்றும் ஆடிப் பார்க்க முடிந்தது.

காப்புரிமை ஏன் இல்லை?

வேறு பல கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கியவர், இதற்கு மட்டும் வாங்கவில்லை. அவருக்கு இது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. வாங்கியிருந்தாலும் உரிமை அரசாங்கத்துக்குத்தான் போயிருக்கும். 1959 பார்வையாளர் தினத்துக்குப் பிறகு கேமைப் பிரித்து, பாகங்களை வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1972-ல் அடாரியின் 'பாங்' உலகத்தையே கலக்கியபோது, இந்த டென்னிஸைப் பற்றி வெளியே யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

வீடியோ கேம் காப்புரிமை வழக்குகள் சூடுபிடித்த பிறகும், 1980-களில் பத்திரிகைகள் எழுதிய பிறகும்தான் 'டென்னிஸ் ஃபார் டூ' வெளிச்சத்துக்கு வந்தது. இதுதான் முதல் வீடியோ கேமா என்ற விவாதம் இன்றும் உண்டு. 1952-லேயே கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டரில் ஓடிய 'ஓ எக்ஸ் ஓ' இதற்கு முந்தையது. ஆனால் அது ஆய்வுக்காகச் செய்தது. ஹிகின்பாதம் செய்தது, வந்தவர்கள் ஜாலியாக விளையாட. இன்று வார இறுதியில் கேம் ஜாமில் உட்கார்ந்து, கையில் கிடைத்ததை வைத்து ஒரு குட்டி கேம் செய்பவர்களுக்கு அவர் மூத்த அண்ணன் மாதிரி.

எதற்காக நினைக்கப்பட விரும்பினார்?

1994-ல் ஹிகின்பாதம் இறந்தார். 1997-ல் புரூக்ஹேவன் தன் 50-வது ஆண்டு விழாவுக்காக அந்த கேமை மறுபடி உருவாக்கியது. இன்று அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவதும் அந்த ஒளிப்புள்ளிதான்.

அவர் பல வருடம் உழைத்தது அணு ஆயுதப் பரவலைத் தடுக்க. சில வாரங்கள் செலவழித்தது கேமுக்கு. தன்னை முதல் வேலைக்காக நினைவில் வைக்க வேண்டும் என்பதே அவர் ஆசை. அவரைப் பற்றி எழுத வந்தவர்களிடம் குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதும் ஒன்றுதான்: கேமோடு சேர்த்து அதையும் எழுதுங்கள்.