சித்த மருத்துவர் இசை ஆராய்ச்சி செய்தது ஏன்? யார் இந்த ஆபிரகாம் பண்டிதர்?

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தென்காசி பக்கம் இருக்கும் சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்தவர். வாத்தியார் வேலையை விட்டுட்டு, தஞ்சாவூரில் சித்த மருந்து தயாரித்தார். மூலிகைத் தோட்டம் போட்டவர், விவசாய ஆராய்ச்சியிலும் இறங்கினார். போட்டோகிராபியையும் விட்டு வைக்கவில்லை.

ஆனா பெரிய சண்டை இசையில்தான். ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்பது அன்றைய அறிஞர்கள் பலரின் கருத்து. கணக்குப் போட்டுப் பார்த்த பண்டிதர், அது தப்பு. பழந்தமிழ் முறைப்படி 24 என்றார்.

இதை விவாதிக்க 1912 முதல் தஞ்சையில் சொந்தச் செலவில் மாநாடுகள் நடத்தினார். 1916-ல் பரோடா மாநாட்டிலும் வாதாடினார். 1917-ல் வந்த அவரது 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கத்தைத் தாண்டும்.

1919-ல் மறைந்தார். அவர் கணக்கை எல்லாரும் ஏற்கலை. ஆனாலும் தமிழிசை ஆய்வு அவரைத் தொடாமல் நகராது. அதற்குச் செலவானது மருந்து வித்த காசு!